ஆறில்லாத மேட்டில் ஒரு பேட்டை

அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மதுரைக்கு வைகை உண்டு, திருச்சிக்குக் காவிரி உண்டு, தில்லிக்கு யமுனை உண்டு. பெங்களூருக்குச் சொல்லிக்கொள்ள ஓர் ஆறுகூட இல்லையே, கெம்பே கௌடா இந்த இடத்தை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்? வாஸ்து பார்த்துத்தான் என்கிறார்களே?” ஊரை நிறுவிய கெம்பே கௌடாவின் மனத்தில் என்ன இருந்தது என்பதை நாம் அறிய முடியாது; ஆனால் நிலத்தின் சாய்வைப் பார்த்தாலே இந்தக் கேள்விக்குப் பெருமளவு விடை கிடைத்துவிடுகிறது, வாஸ்துவுக்கு வேலை இல்லை.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், நீர்பிரி மேடு ஒன்றின் முதுகின்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. மேட்டுக்கு மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் இறங்கிக் காவிரிக்குப் போகிறது. கிழக்கே விழுவது தட்சிண பினாகினியில், அதாவது நம் தென்பெண்ணையில் போய்ச் சேர்கிறது. இரண்டு படுகைகளுக்கும் தலைமாடாக இருக்கும் இடத்தில் பேராறு உருவாக வழியில்லை. வண்டிமாடு ஓட்டி வந்த வணிகருக்கோ அதுவே வசதி: மேட்டின் முதுகோடு போகும் தடத்தில், வெள்ளம் வடியட்டும் என்று நாட்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டிய ஆற்றுத்துறைகள் குறைவு. 1537இல் கோட்டை கட்டியபோது கூடவே எழுந்த பேட்டை, பிற்காலத்தில் அரிசிக்கு அக்கிப்பேட்டை, வளையலுக்குப் பளேப்பேட்டை, பஞ்சுக்கு அரளேப்பேட்டை என்று சரக்குக்கு ஒரு தெருவாக விரிந்தது. ஆனால் சந்தைக்கு வரும் மாடும் மனிதரும் தண்ணீர் குடித்தாக வேண்டுமே.

என்னை எப்போதும் வியக்க வைப்பது இதற்கு அன்றைய மனிதர்கள் கண்ட வழிதான். ஓராண்டில் ஏறக்குறைய ஒரு மீட்டர் மழை பெறும் இந்த மேட்டில், அந்த மழை வந்த வேகத்தில் சரிந்து ஓடிவிடும். ஓடும் வழியில் பள்ளத்தாக்கின் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண்கரையைப் போட்டால் ஏரி பிறக்கிறது. நிலம் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் மெல்லச் சாய்ந்திருந்தால், மூன்று மீட்டர் உயரக் கரை 300 மீட்டர் தூரத்துக்குப் பின்னோக்கித் தண்ணீரை நிறுத்தும். இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று சாய்வு கூடுதலாக இருந்தால் அதே கரை 60 மீட்டரைத்தான் நிறுத்தும். சாய்வு குறையக் குறைய, அதே மண்ணைக் கொட்டிய உழைப்புக்கு அதிகத் தண்ணீர். கரையின் உச்சியைவிடச் சற்றுத் தாழ்வாகக் கல்லால் கட்டிய கலிங்கு ஒன்று இருக்கும். மிகையான நீர் மண்கரையை அரித்துவிடாமல் அதன் வழியே வழிந்து, கால்வாயில் இறங்கி, அடுத்த ஏரிக்குப் போகும். அந்த ஏரி நிரம்பினால் அதற்கடுத்தது. மேலேயுள்ள ஏரி வண்டலை வடிகட்டித் தன்னிடம் வைத்துக்கொள்ள, கோடையில் அதை உழவர்கள் வண்டியில் அள்ளிக்கொண்டு போய் வயலில் போடுவார்கள். தூர்வாரும் கூலி அதிலேயே கழிந்துவிடும். கரைக்குக் கீழே கசியும் நீரால் கிணறுகள் ஊறும். மதகைக் கன்னடத்தில் ‘தூபு’ என்பார்கள்; நம் ‘தூம்பு’தான் அது. ஏரி நிரம்பி வழிந்தால் அவர்களுக்கும் ‘கோடி’, வட ஆர்க்காட்டுக்காரருக்கும் ‘கோடி’.

இந்தச் சங்கிலியின் பலமும் பலவீனமும் ஒன்றேதான்: ஒவ்வொரு ஏரியும் மேலேயுள்ளதைச் சார்ந்திருக்கிறது. 1864இல் சென்னைப் பக்கத்திலிருந்து ரயில் கண்டோன்மென்ட் வரை வந்தது. பிறகு தொலைவிலிருந்து குழாய் நீர் வந்தது. ஊருக்குள் இருந்த ஏரி வீணான நிலமாகத் தோன்றத் தொடங்கியது. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாகவும், சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாகவும் மாறின. இன்று எஞ்சிய ஏரிகளுக்கு வேலியும் நடைபாதையும் போடப் பணம் கிடைக்கிறது, வரத்துக் கால்வாயை மீட்கக் கிடைப்பதில்லை என்பது என் மனக்குறை. அடியிலுள்ள கெட்டிப் பாறையில் வெடிப்புகளில் மட்டுமே நீர் தங்கும் என்று நிலவியலாளர்கள் எத்தனை முறை சொன்னாலும், எங்கள் குடியிருப்பில் உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்ப்பவரைத்தான் அழைத்தார்கள். அவர் குறித்துக் கொடுத்த இடத்தில் ஆயிரம் அடி வரை வெள்ளைக் கல்மாவுதான் வந்தது.

ஆகவே 1974 முதல் காவிரியை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறோம்: ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம், சுமார் 500 மீட்டர் உயரம். ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் தூக்க 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும் என்பது பள்ளிக் கணக்கு. பம்பின் திறன் 70 சதவீதம் என்று கொண்டால் ஏறத்தாழ 2 யூனிட். மழை தானாகவே வந்து நின்ற உயரத்துக்கு இப்போது கட்டணம் கட்டுகிறோம்.

அல்சூர் வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக் குழாயில் வருவது காவிரி. ஆனால் உங்கள் வீடு மேட்டின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. பாத்திரம் கழுவிய நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே தென்பெண்ணைக்குப் போய், ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையில் சேர்கிறது. பூம்புகாரில் கடலைத் தொட வேண்டிய தண்ணீர், இந்த மேட்டைத் தாண்டிவிட்ட ஒரே காரணத்தால், இப்போது கடலூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறது.