பரப்புக் கவர்தல்: ‘அட்சார்ப்ஷன்’ என்னும் சொல்லும் அதன் தமிழும்

ஒரு பொருளின் மேற்பரப்பில் வேறொன்றின் மூலக்கூறுகளோ அயனிகளோ (மின்சுமை கொண்ட அணுக்களோ அணுத்தொகுதிகளோ) வந்து ஒட்டி, உள்ளே புகாமல், அந்தப் பரப்பிலேயே செறிந்து தங்குவதை வேதியியலார் ‘அட்சார்ப்ஷன்’ என்பர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது ‘பரப்புக் கவர்தல்’, ‘பரப்புக் கவர்ச்சி’ என்றும், இலங்கைத் தமிழ் நூல்களில் ‘புறத்துறிஞ்சல்’ என்றும் வழங்குகிறது. ஆனால் திருப்பூர்ச் சாயக்கழிவைப் பற்றியும் கிணற்று நீரைப் பற்றியும் கொங்குநாட்டில் நாம் பேசும்போது, கரி சாயத்தை ‘உறிஞ்சுகிறது’ என்ற பொதுச்சொல்லோடு நின்றுவிடுகிறோம். அங்கே உண்மையில் நடப்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது என்பதே இதை எழுதத் தூண்டியது.

நிகழ்வு பழையது, அதற்குப் பெயர் வந்தது பின்னால். கரி வாயுக்களைப் பிடித்து வைத்துக்கொள்வதை 1773இல் ஷீலே, 1777இல் ஃபொன்டானா என்னும் அறிவியலாளர்கள் பதிவு செய்தனர். கரைசல்களின் நிறத்தைக் கரி நீக்குவதை 1785இல் லோவிட்ஸ் கண்டார். எமில் டு புவா ரேமண்ட் முன்மொழிந்த ‘அட்சார்ப்ஷன்’ என்ற சொல்லை 1881இல் ஹைன்ரிஹ் கைசர் அறிவியல் எழுத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இலத்தீனில் ‘சொர்பேரே’ என்றால் உறிஞ்சுதல்; ‘அட்’ என்ற முன்னொட்டுக்கு ‘நோக்கி, அருகே’ என்று பொருள். ஆகவே மூலச்சொல்லிலேயே உறிஞ்சுதல் இருக்கிறது. முன்னொட்டுதான் வேறுபாட்டைக் காட்டுகிறது. பஞ்சு நீரை உள்வாங்குவது போன்ற ‘அப்சார்ப்ஷன்’ நிகழ்வோடு இது அடிக்கடி குழம்பியதாலும், பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே நடப்பதாலும், 1909இல் வேதியியலாளர் மக்பெய்ன் இரண்டுக்கும் பொதுவாக முன்னொட்டில்லாத ‘சார்ப்ஷன்’ என்ற சொல்லை அமைத்தார்.

இலங்கை வழக்கு ‘அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல்’ என்று மூலத்தின் அமைப்பை அழகாகப் பின்பற்றுகிறது. இணையாகக் கற்பிக்க அது எளிது. எனினும் ‘பரப்புக் கவர்தல்’ என்பதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் இந்நிகழ்வின் அளவைத் தீர்மானிக்கும் பரப்பு சொல்லிலேயே முன்னால் நிற்கிறது. ‘கவர்தல்’ என்பது பற்றிக்கொள்ளுதல், கைப்பற்றுதல் என்னும் பொருளில் ஆநிரை கவர்ந்த காலம் முதல் நம் மொழியில் இருப்பது. ‘கவர்ச்சி’ என்றாலோ ஈர்ப்பு மட்டுமே மனத்தில் தோன்றும். வந்து ஒட்டி இடத்தை நிரப்பும் செயல் தோன்றாது.

பரப்பு எவ்வளவு பெரியது என்பதை நம் ஊர்க் கணக்கிலேயே சொல்லலாம். காங்கேயம் பகுதியில் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்குகிறார்கள். அந்தக் கரியை 800 முதல் 1000 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நீராவி கொண்டு கிளர்வூட்டினால் அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கின்றன. அவ்வாறு கிடைக்கும் கிளர்வூட்டிய கரியின் ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு, அதாவது சுமார் 25 சென்ட் நிலம், அடங்கியிருக்கும். நானோ துகள்களின் வலிமையும் இதுவே. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) பக்கமுள்ள கனசதுரங்களாகப் பிரித்தால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டராகிறது.

பரப்பு மட்டும் போதாது. துளையின் அளவும் மின்சுமையும் பொருந்த வேண்டும். தொட்டிக்கரியின் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. சிறு கரிமச் சேர்மங்களுக்கும் குளோரினுக்கும் அவை ஏற்றவை. பருத்த சாய மூலக்கூறுகள் அவற்றுள் எளிதில் நுழைவதில்லை. கரிசல் மண்ணின் களிமக் கனிமங்கள் எதிர்மின்சுமை உடையவையாதலால் ஈயம், காட்மியம் போன்ற நேர்மின் அயனிகளைக் கவரும். செம்மண்ணின் இரும்பு ஆக்சைடுகள் பாஸ்பேட்டையும் ஆர்சனேட்டையும் கவரும். தருமபுரிப் பக்கத்து நீரிலுள்ள ஃபுளூரைடைக் குறைக்கக் கிளர்வூட்டிய அலுமினா (நுண்துளைகள் நிறைந்த அலுமினிய ஆக்சைடு) பயன்படுவதும் இதே வழியில்தான். காற்றில் மிதக்கும் சுண்ணாம்புக்கல் தூசியின் பரப்பில் நைட்ரிக் அமில ஆவி ஒட்டி, வினைபுரிந்து, கால்சியம் நைட்ரேட்டாக மாறுகிறது. அந்த உப்பு ஈரத்தை உள்வாங்கித் துகளையே பருக்க வைக்கும்.

சாயமேற்றலே பரப்புக் கவர்தலில்தான் தொடங்குகிறது என்பதைத் திருப்பூரில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்? நீரில் பருத்தி இழையின் பரப்பு சற்றே எதிர்மின்சுமை பெறுகிறது. வினைபுரி சாயங்களும் எதிர்மின் அயனிகளே. இரண்டும் ஒன்றையொன்று விலக்காதிருக்கவே சாயப்பட்டறையில் உப்பைக் கொட்டுகிறார்கள். சாயம் இழையில் படிந்தபின் சலவைச் சோடா சேர்க்கும்போது வேதிப்பிணைப்பு உண்டாகிறது. பிணையாத சாயமும் உப்பு முழுவதும் கழிவுநீரில் போய்விடும். அந்த நீரைக் கரி வழியே செலுத்தினால் நிறம் குறையும். சோடியம், குளோரைடு அயனிகளைக் கரி பொருட்படுத்துவதில்லை. அதனால் நிறமற்ற நீரும் வயலைக் கெடுக்கும். திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஆற்றில் 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பாசனத்துக்கு ஆகாமற்போனதற்கு உப்பு முதன்மையான காரணம். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு வலுப்பெற்ற கழிவுநீர் வெளியேற்றமில்லா முறையில் எதிர் சவ்வூடு பரவலும் (அழுத்தத்தால் நீரை மட்டும் சவ்வு வழியே செலுத்தி உப்பைப் பிரித்தலும்) ஆவியாக்கலும் வேண்டியிருப்பதும் இதனால்தான்.

‘உறிஞ்சியது’ என்றவுடன் மாசு தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் வருகிறது. கவரப்பட்ட பொருள் அழியவில்லை. பரப்பு நிரம்பியதும் கரி மேலும் ஏற்காது, நிரம்பிய கரியே அப்புறப்படுத்த வேண்டிய கழிவாகிறது. கவர்ந்ததை விட்டுவிடும் எதிர்நிகழ்வுக்கு ‘பரப்பு நீக்கம்’ என்ற சொல் உண்டு. கவர்தலுக்கு நேரிணையாக ‘பரப்பு விடுதல்’ எனலாம் என்பது என் கருத்து. ஆற்று வண்டல் கவர்ந்து வைத்திருக்கும் ஈயத்தையும் காட்மியத்தையும், அமிலத்தன்மை கூடினாலோ உப்பு மிகுந்தாலோ, மீண்டும் நீரில் விடுவது இந்த நிகழ்வுதான்.