கடை ஃப்ரீசர் கேஸ்: ஐரோப்பிய ஒன்றிய விதியில் கார்பன் டை ஆக்சைடு எங்கே வருகிறது?

"இனி எல்லாக் கடையிலும் கார்பன் டை ஆக்சைடு சிஸ்டம்தான், சட்டமே வந்தாச்சு" என்று விற்க வருபவர் சொன்னால், அதில் பாதிதான் உண்மை. குளிரூட்டும் இயந்திரத்துக்குள் எந்த கேஸைப் (வாயுவை) போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எதைப் போடக் கூடாது என்றுதான் சொல்கிறது.

அளவுகோல் ஜி.டபிள்யூ.பி., அதாவது புவியைச் சூடாக்கும் திறன். கார்பன் டை ஆக்சைடுக்கு (ஆர்-744) அது 1. பழைய சூப்பர் மார்க்கெட்டுகளில் ஓடும் ஆர்-404ஏ கேஸுக்கு 3922. ஒரே இயந்திர அறையிலிருந்து பல பெட்டிகளுக்குக் குளிர் அனுப்பும் அமைப்பு 40 கிலோவாட்டோ அதற்கு மேலோ இருந்தால், ஜி.டபிள்யூ.பி. 150-ஐ எட்டும், ஆர்-404ஏ போன்ற ஃப்ளோரின் சேர்ந்த கேஸைப் புதிதாகப் போடுவதற்கு 2022 ஜனவரி 1 முதல் தடை. ஒரு சுற்று இன்னொன்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் இரண்டடுக்கு அமைப்பின் முதல் சுற்றில் மட்டும் 1500-க்குக் கீழ் அனுமதி உண்டு. 40 என்பது குளிரூட்டும் திறன். மின்சார பில்லில் வரும் கிலோவாட் அல்ல. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

சின்னக் கடைக்கு இந்த வரம்பு பெரும்பாலும் எட்டாது. பிளக் செருகி ஓட்டும் பெட்டிகளுக்குத் தனித் தடை இருக்கிறது. அங்கே பொதுவாக வருவது புரொப்பேன், ஆர்-290.

ஏற்கெனவே ஓடும் இயந்திரத்தைக் கழற்றச் சொல்லவில்லை. சிக்கல் கேஸ் ஏற்றும்போதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/573 எண் ஃப்ளோரின் கேஸ் விதிப்படி, 2025 ஜனவரி 1 முதல் 2500-ஐ எட்டும் புது கேஸைச் சர்வீஸுக்குப் பயன்படுத்தக் கூடாது. மீட்டுச் சுத்திகரித்த கேஸுக்கு 2030 ஜனவரி 1 வரை அனுமதி. சிலிண்டர் லேபிளில் தொகுதி எண்ணும் சுத்திகரித்த இடத்தின் பெயர், முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். கசிவுச் சோதனையும் கட்டாயம்: 20 கிலோ ஆர்-404ஏ என்றால் 20 × 3922, சுமார் 78 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 50 டன்னைத் தாண்டுவதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தானியங்கிக் கசிவுக் கருவி இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை.

கார்பன் டை ஆக்சைடுக்கு மாறினால் இந்தக் கணக்கு போய்விடும், அழுத்தம் வந்து சேரும். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாகாது. வெயில் காலத்தில் கூரைமேல் உள்ள கூலரில் 90 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 90 மடங்கு), அதற்கு மேலும் ஓடும். ஆர்-404ஏ ஓடிய பழைய குழாயை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பவரை நம்ப வேண்டாம். இயந்திரம் நின்றாலும் விடாது: 20 டிகிரியில் தேங்கி நிற்கும் கேஸ் 57 பார். கரண்ட் நீண்ட நேரம் போனால் சேஃப்டி வால்வு திறந்து கேஸ் வெளியேறும். திரவத் தொட்டியைக் குளிர வைக்கத் தனி மின்வசதியோடு ஒரு சிறு யூனிட் உண்டா என்று கொட்டேஷனிலேயே கேளுங்கள்.

கேஸ் ஏற்றுவதிலும் ஒரு வரிசை உண்டு. 5.2 பாருக்குக் கீழே திரவம் இருக்காது, உலர் பனிக்கட்டியாகிவிடும். அதனால் முதலில் ஆவியாக ஏற்றி, அழுத்தம் அந்த அளவை நன்றாகத் தாண்டிய பிறகே திரவம். சேஃப்டி வால்வுக்குப் பின்னால் நீளக் குழாய் போட்டால் அதே பனிக்கட்டி அதை அடைத்துவிடும். இரண்டு வால்வுக்கு நடுவே திரவத்தை அடைத்து விடவும் கூடாது: ஒரு டிகிரி சூடானால் சுமார் 10 பார் ஏறும்.

கசிந்தால் தீப்பிடிக்காது, ஆனால் காற்றைவிடக் கனம், மணமும் இல்லை. குளிர் அறையில் கசிவு டிடெக்டர் தரைக்கு அருகில் இருக்க வேண்டும். எட்டு மணி நேர வேலையில் காற்றில் அது இருக்கக்கூடிய வரம்பு 5000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5000 பங்கு).