தமிழ் அறிவித்தலுக்கு ஆங்கிலச் சூத்திரத்தால் புள்ளி போடாதீர்கள்

துண்டுப்பிரசுரம், கடன் ஒப்பந்தம், கண்ணிவெடி எச்சரிக்கை என்று மக்கள் கைக்குப் போகிற எதுவானாலும் "வாசிக்க இலகுவாக உள்ளதா எனப் பரிசோதிக்கப்பட்டது" என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கவேண்டும் என்று சில திட்டங்களில் கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் அந்த வரியை நிரப்புவதற்காக, இணையத்தில் கிடைக்கிற ஆங்கிலக் கருவிக்குள் தமிழைக் கொட்டி, வந்த எண்ணை அப்படியே எழுதி அனுப்புகிற கூத்தும் நடக்கிறது. கிளிநொச்சியில் இருந்துகொண்டு இப்படியான ஆவணங்களைச் சோதிக்க நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த எண்ணை நம்பவேண்டாம்.

பெரும்பாலான கருவிகளுக்குள் இருப்பது ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வெளியிட்ட சூத்திரம். வசனத்துக்குச் சராசரி எத்தனை சொல் என்பதை 1.015ஆலும், சொல்லுக்குச் சராசரி எத்தனை அசை (யாப்பிலக்கணத்து நேரசை நிரையசை அல்ல, உயிரொலிக்கு ஒன்றாக எண்ணுகிற அசை) என்பதை 84.6ஆலும் பெருக்கி, இரண்டையும் 206.835இலிருந்து கழிக்கவேண்டும். 100ஐ நெருங்கினால் மிக இலகு, 30க்குக் கீழே போனால் பட்டதாரிகளுக்கான எழுத்து. 1975இல் அமெரிக்கக் கடற்படைக்காக கின்கெய்டும் மற்றவர்களும் இதே இரண்டு அளவுகளை வைத்து, எந்த வகுப்புப் படித்தவருக்கு விளங்கும் என்று சொல்லும் கணக்காக மாற்றினார்கள். அந்தப் பெருக்கெண்கள் எல்லாம் ஆங்கில வாசகங்களை ஆங்கிலம் வாசிப்பவர்களிடம் கொடுத்துப் பார்த்துப் பொருத்தியவை.

இப்போது இதைப் போட்டுப் பாருங்கள்: "அம்மா சந்தைக்குப் போனார்." மூன்று சொல், ஏழு அசை. கணக்கைச் செய்தால் 6.39 வருகிறது. முதலாம் தரப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிற வசனம், சூத்திரத்தின்படி பட்டதாரிக்கே கடினம். தமிழில் வேற்றுமையும் காலமும் மரியாதையும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும், அதனால் சொல் நீளும், ஆனால் அந்த நீளம் எங்களுக்குச் சுமையே இல்லை.

அசை எண்ணுவதென்னவோ தமிழில் சுகமான வேலை. புள்ளி வைத்த எழுத்தையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு மீதியை எண்ணினால் சரி. ஆனால் கணினி எண்ணும் எழுத்தும் நாங்கள் எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. "அறிவுறுத்தப்படுகின்றீர்கள்" எங்களுக்கு 15 எழுத்து, பைதன் என்ற நிரல்மொழியிடம் நீளம் கேட்டால் 26 என்று சொல்லும், ஏனென்றால் கணினி எழுத்துகளைச் சேமிக்கிற யுனிகோட் முறையில் கொம்பும் விசிறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ஓப்பன்-தமிழ் போன்ற ஆயத்த நிரல் தொகுப்பால் முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்துக்கொள்ளவேண்டும்.

அதற்கும் முதல் இன்னொரு தலையிடி இருக்கிறது, பாமினி. எங்கள் பக்கத்து அலுவலகங்களில் இருந்து வருகிற கோப்புகளில் இன்னும் இந்த எழுத்துரு நிறையவே வரும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகள்தான், மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியாகக் கிடக்கும். அரைப்புள்ளியைக் கண்டால் சொல்லை வெட்டுகிற கருவி "அம்மா"வையே இரண்டாக வெட்டிவிடும். யுனிகோட்டுக்கு மாற்றாமல் எதையும் எண்ணாதீர்கள். அப்புறம் "மு.ப. 8.30", "ரூ.", "இல." எல்லாம். ஒவ்வொரு புள்ளியிலும் வசனம் முடிந்தது என்று நிரல் நினைத்தால், நீண்ட வசனம் சின்னச் சின்னதாக உடைந்து, கடினமான அறிவித்தல் இலகு என்று பேர் வாங்கும். இது மற்றதைவிட மோசமான பிழை, யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

சரி, எதைத்தான் அளப்பது? வசன நீளம் தமிழிலும் உதவுகிறது. மற்றது சொற்பட்டியல். எட்கர் டேலும் ஜீன் சாலும் 1948இலேயே அசையை விட்டுவிட்டு, அமெரிக்காவில் நாலாம் தரப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அறிந்த ஏறத்தாழ 3000 சொற்களின் பட்டியலில் இல்லாத சொற்களை எண்ணினார்கள். எங்களுக்குத் தரம் 5 வரையான பாடநூல்களில் இருந்து அப்படியொன்று தொகுக்கலாம், விகுதிகளைக் கழற்றி வேர்ச்சொல்லாக ஒப்பிடவேண்டும். ஆனால் பட்டியலை ஊருக்கேற்பத் திருத்தாவிட்டால் சிரிப்புத்தான் வரும். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவருக்கு "துருசு" (குளத்து மதகு), "சிறுபோகம்" (பெரும்போகத்துக்கு அடுத்த போகம்) கடினச் சொல் என்று சிவப்புக் கோடு போடும். "பயனாளி", "மீள்குடியேற்றம்" எல்லாம் இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொற்கள்.

நுண்கடன் படிவங்களில் வருகிற மாதிரியான ஒரு வசனம்: "கடன் பெறுநர் தவணைக் கொடுப்பனவைச் செலுத்தத் தவறுமிடத்து, அவரால் செலுத்தப்படாதுள்ள தொகையும் அதன் மீதான தாமதக் கட்டணமும் குழுவின் ஏனைய உறுப்பினர்களிடமிருந்து கூட்டாகவும் தனித்தனியாகவும் அறவிடப்படலாம் என்பதற்கு இத்தால் இணங்குகின்றேன்." 22 சொல், ஒரே வசனம். நிரல் நீளத்தைப் பிடிக்கும், "தவறுமிடத்து", "அறவிடப்படலாம்", "இத்தால்" மூன்றையும் பிடிக்கும். ஆனால் ஆளைக் கவிழ்க்கிற இடம் "கூட்டாகவும் தனித்தனியாகவும்". இரண்டும் பட்டியலில் இலகுவான சொற்கள், நிரல் தாண்டிப் போய்விடும். பொருளோ, மற்றவர் கட்டாத முழுக் காசையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம் என்பது. நான் இப்படி எழுதச் சொல்வேன்: "உங்கள் குழுவில் ஒருவர் தவணை கட்டாவிட்டால் அந்தக் காசை உங்களிடம் கேட்போம். முழுவதையும் உங்கள் ஒருவரிடமே கேட்கவும் கூடும். தாமதக் கட்டணமும் அதில் சேரும்." சட்டத்தரணிகள் முகம் சுளிப்பார்கள். ஒப்பந்தத்தில் சட்ட வாசகம் இருக்கட்டும், அதற்கு மேலே பெட்டி கட்டி இதைப் போடுங்கள்.

ஆகவே நிரலிடம் புள்ளி கேட்காதீர்கள், எந்த வசனத்தைத் திருத்தவேண்டும் என்று கேளுங்கள். என் நிரல் ஆவணத்துக்கு மொத்தப் புள்ளி போடுவதே இல்லை, 12 சொல்லைத் தாண்டிய வசனத்தையும் பட்டியலில் இல்லாத சொல்லையும் நிறம் தீட்டிக் காட்டும், அவ்வளவுதான். வசனத்தின் சொற்களை இடம் மாற்றிக் குழப்பிக் கொடுத்தாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

மீதியை ஆட்களிடம்தான் கேட்கவேண்டும். வில்சன் டெய்லர் 1953இல் சொன்ன முறை ஒன்று உண்டு, ஒழுங்கான இடைவெளியில் சொற்களை மறைத்துவிட்டு வாசகரை நிரப்பச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் அது நல்லாய் வேலை செய்யும். மாதர் சங்கக் கூட்டத்தில் செய்யாதீர்கள், சண்டைக் காலத்தில் படிப்பு இடையில் நின்றுபோனவர்கள் பலர் இருக்கிற இடத்தில் பேனையைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் அது பரீட்சையாகிவிடும். படிவத்தை வாசிக்கக் கொடுத்துவிட்டு வாயால் கேளுங்கள்: "பக்கத்து வீட்டு அக்கா இந்த மாதம் கட்டேல்லை எண்டால் ஆர் கட்டவேணும்?" பதில் பிழையாக வந்தால் திருத்தவேண்டியது படிவத்தை.