1983ஐ மறுபடி ஆடிப் பார்த்தால்: ஓட்டு எண்ணும் முறையும் கட்சிக் கோஷ்டிகளும்

"இப்படி நடந்திருந்தால்?" என்று பிரிட்டிஷ் தேர்தல்களை வைத்து விளையாடுகிறவர்களுக்கு 1983 ஒரு அல்வாத் துண்டு. அந்த ஆண்டு தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சி 42.4 சதவீத ஓட்டுக்கு 397 இடங்களைப் பிடித்தது, லேபர் கட்சி 27.6 சதவீதத்துக்கு 209. லிபரல்களும் புதிதாகக் கிளம்பிய எஸ்.டி.பி.யும் (சோஷியல் டெமாக்ராட்டிக் கட்சி) சேர்ந்த அலையன்ஸ் கூட்டணி 25.4 சதவீதம் வாங்கியும் கிடைத்தது வெறும் 23 இடம்தான். லேபரைவிட ஓட்டில் இரண்டு சொச்சம் சதவீதம் குறைவு, இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கு!

காரணம் எளிது. ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் வருபவருக்கே எல்லாம். லேபரின் ஓட்டு சுரங்க ஊர்களிலும் தொழில் நகரங்களிலும் குவிந்து கிடந்தது, அலையன்ஸின் ஓட்டோ நாடு முழுக்கப் பரவிக் கிடந்தது, அதனால் நூற்றுக்கணக்கான தொகுதிகளில் இரண்டாமிடம் வந்து வெறுங்கையோடு திரும்பியது.

சரி, விதியை மாற்றுவோம். 650 இடங்களையும் ஓட்டு விகிதப்படியே பங்கு போட்டால் கன்சர்வேட்டிவ் 276, லேபர் 179, அலையன்ஸ் 165. பெரும்பான்மைக்கு 326 வேண்டும், ஆகவே யார் பிரதமர் என்பது அலையன்ஸின் கையில். பல விளையாட்டுகள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அடுத்த ஆண்டுக்குப் போய்விடுகின்றன. எனக்கு இது அரைகுறை ஆட்டமாகத்தான் படுகிறது, ஏனென்றால் பழைய விதிக்காகப் போட்ட ஓட்டைப் புதிய விதியில் எண்ணுகிறோம்.

விருப்ப வரிசை முறையில் இந்தச் சிக்கல் இன்னும் பளிச்சென்று தெரியும். வாக்காளர் 1, 2, 3 என்று எண் போடுவார். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ், நேர்ன் அண்ட் லோகபர் தொகுதியில் 1992இல் லிபரல் டெமாக்ராட் 13,258, லேபர் 12,800, ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 12,562, கன்சர்வேட்டிவ் 11,517. ஜெயித்தவருக்கு 26 சதவீதம்தான்! இதை விருப்ப வரிசையில் எண்ணினால் கிரீன் கட்சியின் சில நூறு ஓட்டுகள் முதலில் பிரியும், அப்புறம் அநேகமாகக் கன்சர்வேட்டிவ் நீக்கப்படும், அந்தப் பதினோராயிரம் பேரின் இரண்டாம் விருப்பம்தான் தொகுதியையே முடிவு செய்யும். ஆனால் அந்த இரண்டாம் விருப்பம் எந்தச் சீட்டிலும் எழுதப்படவில்லை. விளையாட்டை நடத்துகிறவர் அதை ஊகித்துத்தான் ஆக வேண்டும், ஊகம் கொஞ்சம் மாறினால் எம்.பி.யும் மாறிவிடுவார்.

இதைவிடப் பெரிய ஊகம் கட்சிகளைப் பற்றியது. 1981இல் லேபருக்குள் துணைத்தலைவர் பதவிக்கு இடதுசாரி டோனி பென்னும் வலது பக்கத்து டெனிஸ் ஹீலியும் மோதி, ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஹீலி தப்பினார். அதே ஆண்டு ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷர்லி வில்லியம்ஸ், பில் ராட்ஜர்ஸ் நால்வரும் வெளியேறி எஸ்.டி.பி.யைத் தொடங்கினார்கள். இரண்டு டஜனுக்கு மேல் லேபர் எம்.பி.க்கள் அவர்கள் பின்னால் போனார்கள், 1983இல் எஸ்.டி.பி.க்கு மிஞ்சியது 6 இடம். தனியாகப் போனால் என்ன கதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பென் கோஷ்டியும் ஹீலி கோஷ்டியும் ஒரே கூரையின் கீழ் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததும், 'வெட்ஸ்' (துணிச்சலில்லாத சொத்தைகள்) என்று தாட்சரே கிண்டலடித்த கன்சர்வேட்டிவ் மிதவாதிகள் முணுமுணுத்தபடியே கட்சியில் தங்கியதும் பெரிய அளவில் இந்தப் பயத்தால்தான் என்பது என் கணிப்பு. விகிதாச்சாரம் வந்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும், அப்புறம் 27.6 சதவீதம் என்ற ஒற்றை எண்ணுக்கு அர்த்தமே இருக்காது, அது இரண்டு கட்சிகளின் ஓட்டாகியிருக்கலாம்.

இது வெறும் கற்பனை இல்லை, ஐக்கிய ராஜ்யத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது. வட அயர்லாந்துப் பாராளுமன்றத்துக்கு 1921இலும் 1925இலும் பல உறுப்பினர் தொகுதிகளில், விருப்பத்தை மாற்றி எண்ணும் விகிதாச்சார முறையில் தேர்தல் நடந்தது. ஐந்து இடமுள்ள தொகுதியில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான ஓட்டு இருந்தாலே ஒரு இடம் நிச்சயம், அதனால் கட்சியோடு முறைத்துக்கொண்டவரும் துணிந்து நிற்கலாம். 52 இடங்களில் முதல் தடவை 40 பிடித்த, பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க விரும்பிய அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சி 1925இல் 32க்கு இறங்கியது. சுயேச்சை யூனியனிஸ்ட்களும் லேபர்காரர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். பிரதமர் ஜேம்ஸ் கிரெய்க் 1929 தேர்தலுக்குள் முறையையே மாற்றி, பெரும்பாலான தொகுதிகளை ஒற்றை உறுப்பினர் தொகுதிகளாக்கினார், கட்சி 37க்கு ஏறியது. அவருடைய முக்கியக் குறி ஒன்றுபட்ட அயர்லாந்து கேட்ட தேசியவாதிகள் இல்லை, சொந்த முகாமிலிருந்து பிரிந்து போனவர்கள்தான் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து.

வரலாற்றை வேறு பாதையில் கிளை பிரித்துப் பார்க்க எனக்குப் பிடித்த இடம் 1983கூட இல்லை, 1931. ராம்சே மெக்டொனால்டின் சிறுபான்மை லேபர் அரசு லிபரல்களின் தயவுக்காக விருப்ப வரிசை மசோதா கொண்டுவந்தது, காமன்ஸ் சபையில் நிறைவேறியது, பிரபுக்கள் சபை அதை வெட்டிக் குறுக்கியது, ஆகஸ்டில் அரசே கவிழ்ந்து மசோதாவும் செத்தது. அது சட்டமாகியிருந்தால் லேபர் பிழைத்திருக்குமா? மாட்டாது என்றே நினைக்கிறேன். அக்டோபர் தேர்தலில் 30 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் லேபர் அணிக்குக் கிடைத்தது 52 இடம். லேபருக்கு எதிரான அந்த அலையில் கன்சர்வேட்டிவ், லிபரல் வாக்காளர்களில் பெரும்பாலோர் இரண்டாம் விருப்பத்தை ஒருவருக்கொருவர்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள், லேபருக்கு 52கூட மிஞ்சியிருக்காது.