இலை எவ்வளவு, சாக்கு எவ்வளவு?

கோத்தகிரிக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிறது எங்கள் வீடு. சிக்னல் இரண்டு கோடு வந்தாலே பெரிய விஷயம். அங்கே உட்கார்ந்து, பச்சைத் தேயிலை விலைக்காக நான் எழுதிய இணையப் பக்கத்தைத் திறந்தால் அட்டவணை வர நாலு வினாடி ஆனது. என் நிரல் குறித்துவைத்ததோ 600 மில்லிவினாடி.

நிரல் பொய் சொல்லவில்லை. சர்வரிடம் தரவு கேட்கும் ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச், தரவுக்கு முன்னால் சர்வர் அனுப்பும் ஹெடர் என்ற குறிப்பு வந்த உடனே பதில் வந்துவிட்டதாகக் கணக்கு வைக்கும். தரவு அப்போதுதான் மலையேறிக்கொண்டிருக்கும். ஜேசன் என்ற வடிவில் வரும் அந்தத் தரவு முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். அதற்கு, போனின் கடிகார நேரத்தைச் சொல்லும் டேட்.நவ் வேண்டாம், போன் தன் நேரத்தைத் திருத்திக்கொண்டால் அது பின்னால்கூடக் குதிக்கும். பெர்ஃபார்மன்ஸ்.நவ் ஒருநாளும் பின்னால் போகாது.

சரி, நேரம் கிடைத்தது. நாலு வினாடி ஏன்? அதற்கு, வந்த தரவின் எடை, அதாவது அதன் அளவு, தெரிய வேண்டும். பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தானே ஒரு குறிப்பு எழுதிவைக்கிறது. பெர்ஃபார்மன்ஸ்.கெட்என்ட்ரீஸ்பைடைப்பிடம் 'ரிசோர்ஸ்' என்று கேட்டால் எடுத்துத் தரும். அதில் மூன்று எடைகள். இலை எடுக்கும் இடத்தில் சாக்கோடு தராசில் வைப்பார்களே, அதுதான் டிரான்ஸ்ஃபர்சைஸ்: ஹெடர்தான் இங்கே சாக்கு. சாக்கைக் கழித்த இலை, என்கோடட்பாடிசைஸ்: சுருக்கப்பட்டு வந்த தரவு மட்டும். அதை விரித்த பிறகு இருக்கும் அளவு டீகோடட்பாடிசைஸ்.

சாக்கைத் தனியாக நிறுக்காமல் 'சாக்குக்கு இவ்வளவு' என்று ஒரே கணக்காகக் கழிப்பதுபோல, ஹெடருக்கு 300 பைட் என்று இப்போதைய வரையறையே நிர்ணயித்துவிட்டது. உண்மையான அளவைச் சொன்னால், குக்கீ (தளம் பிரவுசரில் சேமித்துவைக்கும் சிறு குறிப்பு) இருக்கிறதா இல்லையா என்று அதிலிருந்தே ஊகித்துவிடலாம் என்பதால் இந்த ஏற்பாடு. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது.

என் பக்கத்தில் அந்த மூன்று எடைகளில் கடைசி இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அதாவது, சர்வர் எதையும் சுருக்காமலே அனுப்பியிருக்கிறது! ஒவ்வொரு வரியிலும் தேதி, தொழிற்சாலை, விலை என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும் ஜேசன் அது. தரவைச் சுருக்கும் ஜிஸிப்புக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. சர்வரில் ஜிஸிப்பை இயக்கினேன்.

நீங்களும் அளந்து பார்த்து, மூன்று எண்களும் சுழியாக வந்தால் பயப்பட வேண்டாம். வேறு டொமைனிலிருந்து வந்த பதிலாக இருக்கலாம். டைமிங்-அலோ-ஆரிஜின் ஹெடரில் அந்த சர்வர் அனுமதி தராவிட்டால் பிரவுசர் எடையை மறைத்துவிடக்கூடும். டிரான்ஸ்ஃபர்சைஸ் மட்டும் சுழி என்றால், தரவு போனிலேயே சேமித்துவைத்த பிரதியிலிருந்து வந்திருக்கிறது.

மறுநாள் பள்ளத்து வீட்டில் திரும்ப அளந்தேன். பிரவுசரின் குறிப்பில் ரெஸ்பான்ஸ்ஸ்டார்ட் (பதிலின் முதல் பைட் வந்த நேரம்) முதல் ரெஸ்பான்ஸ்எண்ட் (கடைசி பைட் வந்த நேரம்) வரை இருந்த இழுவை அரை வினாடிக்கும் கீழே வந்துவிட்டது. முதல் பைட் வரும்வரை ஆகும் அந்த 600 மில்லிவினாடி மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்து அதைத்தான் துருவ வேண்டும்.