எத்தனை கட்டையில் வகுப்பு?

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் என் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. "சார், பையன் நல்லா பாடுவான், எந்தக் காலேஜ்ல சேர்க்கலாம்?" இருபது வருடத்துக்கு மேல் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன், அதில் சில வருடம் ஓர் இசைக் கல்லூரியில். பதிலுக்கு நான் கேட்பது பலருக்கு விசித்திரமாகப் படும்: "பையனுக்கு எத்தனை கட்டை?"

கட்டை என்றால் ஒருவர் பாடும் ஆதார சுருதியின் அளவு; எண் கூடக் கூடச் சுருதி உயரும். ஆண் குரலுக்குப் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டை வசதி. பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை. இரு தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து, சமரசமாக மூன்று கட்டை வைத்தால் என்ன ஆகும்? பெண்களுக்குக் கீழே மந்திர ஸ்தாயி எட்டாது, பையன்கள் மேலே தார ஸ்தாயியில் கத்துவார்கள். அப்படிக் கத்தியே மூன்று வருடம் படித்த ஒருவன் என்னிடம் வந்தான். மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வைத் தொட்டாலே குரல் இரண்டாகப் பிரிந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன்; குரல்நாணில் முடிச்சு. சில மாதம் பாட்டே கிடையாது, பேச்சுப் பயிற்சிதான். பட்டத்தை மட்டும் பத்திரமாக வாங்கி வைத்திருந்தான். தொண்டை கட்டிக்கொண்டு மூன்று வாரத்துக்கு மேல் சரியாகவில்லை என்றால் மிளகுப்பாலை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஆகவே விண்ணப்பம் வாங்கும் முன், அனுமதி கேட்டு ஒரு வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சுருதியில் பாடம் நடக்கிறதா? வாரத்தில் எத்தனை நிமிடம் மாணவர் தனியாகப் பாடுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள்? எல்லோரும் சேர்ந்தே பாடும் வகுப்பில் யாருடைய தப்பும் வெளியே தெரியாது. இன்னொன்று: மிருதங்கம் படிக்கும் மாணவர்களும் வயலின் படிப்பவர்களும் பாட்டு மாணவர்களோடு சேர்ந்து வாசிக்கும் வழக்கம் உண்டா? அது இருந்தால், கட்டடம் ஒழுகினாலும் சேரலாம்.

சரி, எங்கெல்லாம் படிக்கலாம்? சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. சிதம்பரத்தில் 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய இசைக் கல்லூரியின் வழிவந்த துறை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா திருவான்மியூரில். இசைக்கும் கவின்கலைக்கும் என்றே 2013இல் ஒரு மாநிலப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்று வருடச் சான்றிதழ், கட்டணம் மிகக் குறைவு. கோயில் வேலையை நினைத்து நாதசுரமோ தவிலோ தேவாரமோ கற்கும் பிள்ளைகளுக்கு அதுவே நல்ல வாசல். சினிமா, ஸ்டூடியோ என்று மனசு இருந்தால் ஏ.ஆர்.ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி மாதிரியான இடங்கள். அங்கே மேற்கத்திய நொட்டேஷனும் கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவும் கட்டாயம் பழக வேண்டும்.

எங்கே சேர்ந்தாலும், கடைசியில் கையில் கிடைக்கும் காகிதம் எது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். தனியார் நிறுவனம் ஒன்றில் நான்கு வருடம் படித்து டிப்ளமோ வாங்கிய பெண், கேந்திரிய வித்யாலயா இசை ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தாள்: அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் இசைப் பட்டம் கேட்டிருந்தார்கள். நன்றாகப் பாடுகிற பெண். என்ன பிரயோஜனம்? கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசை இருந்தால் முதுகலையோடு நெட் தேர்வும் எழுத வேண்டும்; அதில் இசை தனிப்பாடமாகவே இருக்கிறது. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் தேர்வின் எட்டாம் கிரேடு நல்ல பயிற்சிதான், ஆனால் அது பட்டம் ஆகாது.

பணத்தைப் பற்றியும் பேசிவிடலாம், வீட்டில் யாரும் பேசுவதில்லை. சென்னை டிசம்பர் இசை சீசனில் மத்தியானக் கச்சேரி பாடும் புதுப் பிள்ளைகளுக்கு சன்மானத்தைவிடச் செலவுதான் அதிகம். பக்கவாத்தியக்காரர்களுக்குக் கைக்காசு கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகாசவாணி ஆடிஷனில் பி கிரேடு எடுத்தால் ஒரு முத்திரை கிடைக்கும், பி-ஹை, ஏ, ஏ டாப் என்று ஏறலாம். 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு மத்தியக் கலாச்சார அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் உதவித்தொகை தருகிறது, கேட்பவர்கள் குறைவு. என் பழைய மாணவர்களில் பலருக்கு அடுப்பு எரிவது விடியற்காலை ஐந்து மணி ஆன்லைன் வகுப்பால்தான். அமெரிக்காவில் அப்போது சாயங்காலம்.

நுழைவுத் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. ஒரு வர்ணம் (கச்சேரியைத் தொடங்கும் பயிற்சிப் பாட்டு) இரண்டு காலத்திலும், அதாவது இரண்டு வேகத்திலும், இரண்டு மூன்று கிருதிகளும் கையில் தாளத்தோடு தயாராக இருந்தால் போதும். அபூர்வ ராகம் எடுத்து அசத்த நினைக்காதீர்கள். நான் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தபோது பிள்ளைகளின் முகத்தைவிடக் கையைத்தான் பார்ப்பேன். சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள், மறந்துபோனாலும் தாளம் நிற்காத பிள்ளைக்கு அப்போதே மார்க் போட்டுவிடுவேன். அப்புறம், மேசை மேல் ஓடிக்கொண்டிருக்கும் சுருதிப் பெட்டி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் "என் கட்டை இது" என்று சொல்லி மாற்றித் தரக் கேளுங்கள். கோபப்படாமல் மாற்றித் தருகிறார்களா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம்.