டயர் அளவை மாற்றினால் மீட்டர் என்ன சொல்லும், சட்டம் என்ன சொல்லும்?

சென்னை புதுப்பேட்டையிலோ ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலோ அலாய் வீல் வாங்கப் போகிறவர்கள் விலை கேட்பார்கள், டிசைன் பார்ப்பார்கள். டயரோடு சேர்த்து மொத்த விட்டம் எவ்வளவு மாறும் என்று கேட்பவர்கள் குறைவு. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஸ்பீடோமீட்டர் சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று கம்பெனி வைத்த கணக்கில் வேகத்தைக் காட்டுகிறது. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடும். மீட்டருக்கு அது தெரியாது.

185/65 ஆர்15 டயரை எடுத்துக்கொள்வோம். அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். பக்கச்சுவர் மேலும் கீழுமாக 240.5 மி.மீ., ரிம் 381 மி.மீ.; மொத்த விட்டம் 621.5. இதற்குப் பதில் 195/55 ஆர்16 போட்டால் 620.9. ரிம் ஓர் அங்குலம் கூடியும் மீட்டர் அசையாது. அதே 16 அங்குல ரிம்மில் 205/60 போட்டால் 652.4, அதாவது கிட்டத்தட்ட 5 சதவீதம் அதிகம். முன்பு சரியாக 60 காட்டிய மீட்டர் இப்போதும் 60 என்றே சொல்லும், கார் 63-இல் போகும். ஓடோமீட்டரும் தூரத்தைக் குறைத்துக் காட்டுவதால், 'மைலேஜ் விழுந்துடுச்சு' என்று மெக்கானிக்கிடம் போகிறவர்களும் உண்டு. சிறிய டயர் போட்டால் எல்லாம் தலைகீழ்.

கம்பெனி மீட்டர்கள் பொதுவாக நிஜ வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஐ.நா.வின் 39-ஆம் எண் விதிமுறைப்படி மீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது; கூட்டிக் காட்டினாலும் 10 சதவீதமும் 4 கி.மீ.யும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. பெரிய டயர் முதலில் தின்பது இந்த இடைவெளியைத்தான். அதனால் சிலருக்கு மீட்டர் முன்பைவிடத் துல்லியமாகிவிட்டதாகக்கூடத் தோன்றும். அது பாதுகாப்பு விளிம்பு போய்விட்டதன் அடையாளம்.

சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்து போலீஸ் வைத்த வேக வரம்பு கார்களுக்கு 60 கி.மீ., குடியிருப்புத் தெருக்களில் 30. ஸ்பீடு கன் அளப்பது நிஜ வேகத்தை. 'என் மீட்டரில் 60தான் சார் காட்டியது' என்பது அங்கே எடுபடாது. மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆவது பிரிவில் காருக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய்.

அதைவிடக் கனமானது 52-ஆவது பிரிவு. கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டயர் மாற்றியதற்கே சிறைக்குப் போவார்களா என்றால், நடைமுறையில் நினைத்துப் பார்ப்பது கடினம். ஆனால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டியைச் சுற்றிப் பார்க்கும்போது இந்தப் பிரிவு நினைவுக்கு வரும்.

சரி, என்ன செய்யலாம்? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் அளவும் காற்றழுத்தமும் ஒட்டியிருக்கும். ஓனர் மேனுவலிலும் இருக்கும். அதே மாடலின் மேல் வேரியன்டுக்குக் கம்பெனியே தந்திருக்கும் அளவு என்றால் கவலையில்லை என்பது என் கருத்து. அதைத் தாண்டுகிறவர்கள் விட்டத்தை 3 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது வழக்கம், ஆனால் அது கடைக்காரர்களின் கணக்கு, 52-ஆவது பிரிவுக்குப் பதிலாகாது. அப்புறம், டயர் தாங்கும் எடையைச் சொல்லும் சுமைக் குறியீடும், தாங்கும் வேகத்தைச் சொல்லும் வேகக் குறியீடும் பழைய டயருக்குக் கீழே இறங்கக் கூடாது.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் காலியான நேரத்தில் ஓ.எம்.ஆர். போன்ற சாலையில் மீட்டர் 50 காட்டும்படி ஒரே சீராக ஓட்டி, பக்கத்தில் இருப்பவரை ஃபோனில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜி.பி.எஸ். 50-ஐத் தாண்டினால் மீட்டர் குறைத்துக் காட்டுகிறது, பழைய அளவு டயருக்குத் திரும்ப வேண்டியதுதான்.